முழுசா முடிச்சுட்டு எழுதுறேன்: ரிக்கரன்ஸ் பத்தின பிகினர் கோர்ஸ் எப்படி இருக்கு

முதல்லயே மார்க் சொல்லிடுறேன், 5க்கு 4. அந்த ஒரு மார்க்கை ஏன் பிடிச்சுக்கிட்டேன்னு பின்னாடி வரும், அதுல எனக்கு நிஜமாவே கோவம் இருக்கு. ஆனா டைனமிக்கல் சிஸ்டம்ஸ்னாலே, அதாவது ஒரு விதிப்படி நகர்ந்துக்கிட்டே இருக்குற சிஸ்டங்களைப் பத்தின கணிதம்னாலே, பயந்து ஓடுற ஆளுங்க தாராளமா இந்த கோர்ஸை எடுக்கலாம், அதுல சந்தேகமே இல்ல. 11 வீடியோ, ஒவ்வொண்ணும் அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் முன்ன பின்ன, கூடவே நாமளே பட்டனை அமுக்கி ஓட்டிப் பாக்குற சிமுலேஷன், ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் ஒரு க்விஸ். வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி ராத்திரி பாத்ததுல எனக்கு மூணு வாரம் ஆச்சு.

சப்ஜெக்ட் என்னன்னா, ஒரு சிஸ்டம் ஒரு நிலைல இருந்து கிளம்பி ஒரே விதிப்படி திரும்பத் திரும்ப நகருது, அது எங்கெங்கயோ சுத்திட்டு கிளம்பின இடத்துக்குப் பக்கத்துலயாவது மறுபடி வருமா, வந்தா எவ்வளவு நேரம் கழிச்சு வரும். இதான் ரிக்கரன்ஸ், தமிழ்ல மீள்வருகைனு சொல்லலாம். கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா இந்த "வருமா"வும் "எப்ப வரும்"மும் ஒரே கேள்வின்னு நினைச்சுதான் நிறைய பேர் குழம்புறாங்க, நானும் காலேஜ்ல அப்படித்தான் குழம்பினேன். இந்த கோர்ஸ் அந்த ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு வெச்சு நடத்துது, எனக்கு இதோட மொத்த மதிப்பும் அங்கதான் இருக்குனு தோணுது.

ரெண்டாவது வீடியோல சீட்டுக்கட்டை எடுக்கச் சொல்றாங்க. முதல்ல வெறும் 8 சீட்டு. சரிபாதியா பிரிச்சு, இந்தப் பாதில ஒண்ணு அந்தப் பாதில ஒண்ணுனு மாத்தி மாத்தி கோக்கணும், மேல் சீட்டு மேலயே இருக்கணும், ஒரு பிசகும் கூடாது. 1 2 3 4 5 6 7 8னு இருந்தது முதல் தடவை 1 5 2 6 3 7 4 8னு ஆகும், ரெண்டாவது தடவை 1 3 5 7 2 4 6 8, மூணாவது தடவை பழையபடி 1 2 3 4 5 6 7 8. அப்புறம் 52 சீட்டு, அது 8 தடவைல வீடு வந்து சேந்துடும்னு சொன்னாங்க. நானும் தங்கச்சியும் தரையில உக்காந்து, கையால விரிச்சு கோக்க வராதுங்கிறதால ஒவ்வொரு சீட்டா எடுத்து வெச்சு கோத்தோம், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். எட்டாவது தடவை முடிச்சு திருப்பிப் பாத்தா கட்டு கலைஞ்சு போய் கெடக்கு. எங்கயோ தப்பு பண்ணிட்டோம்னு மறுபடி முதல்ல இருந்து கோத்தோம், மறுபடியும் அதே கலைசல். "அண்ணே, ஜோக்கர் ரெண்டும் உள்ளயே இருக்கு பாரு"ன்னா அவ. எடுத்து வெச்சிட்டு 52ஓட பண்ணினோம், எட்டாவது தடவை எல்லா சீட்டும் வரிசையா வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் சிமுலேஷன்ல 54னு போட்டுப் பாத்தேன், அதுக்கு 52 தடவை கோக்கணும். 50 சீட்டுக்கு 21. ரெண்டே ரெண்டு சீட்டு கூடினதுக்கு 8ங்கிறது 52 ஆகிடுச்சு பாருங்க. திரும்பி வரும்ங்கிறது மூணு கட்டுக்கும் உறுதி, எப்ப வரும்ங்கிறது மட்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கு. அன்னிக்கு ராத்திரிதான் அந்த ரெண்டு கேள்வியும் எனக்கு நிஜமா பிரிஞ்சது.

ஏன் உறுதின்னும் நல்லா சொல்லிக் குடுத்தாங்க. சீட்டை அடுக்குற விதம் எண்ணிக்கையில எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒரு முடிவு உண்டு, அதனால எப்பவோ ஒரு தடவை ஏற்கனவே பாத்த அடுக்கு மறுபடி வந்தே ஆகணும். அப்படி மறுபடி வர்ற முதல் அடுக்கு, கிளம்பின அடுக்காவேதான் இருக்கணுமா, நடுவுல உள்ள ஒண்ணா இருக்கக்கூடாதான்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். இருக்கக்கூடாது, ஏன்னா இந்த கோக்குற முறையை பின்னோக்கியும் பண்ணலாம், ரெண்டு வேற வேற அடுக்கு ஒரே அடுக்கா வந்து சேராது. நடுவுல உள்ளதுக்கு திரும்பினா அதுக்கு முன்னாடி வந்த அடுக்கு ரெண்டு இருக்கணும், அது நடக்காது. சுத்தி சுத்தி சுப்பன் கொல்லைக்குத்தான் வரணும், வேற வழி இல்ல.

அடுத்து சீட்டுக்கட்டை விட்டுட்டு தொடர்ச்சியான இடத்துக்கு வர்றாங்க, அங்க புள்ளிகளுக்கு எண்ணிக்கையே கிடையாது. இந்த இடம்தான் பாடப் புத்தகத்துல எல்லாம் மெஷர் தியரினு, அதாவது நீளம், பரப்பு மாதிரி அளவுகளைப் பத்தின கணிதத்துல, ஆரம்பிச்சு ஆளை விரட்டி விடும். இங்க ஒரு சதுரம், மொத்த பரப்பு 1, அதுல ஒரு மைக்கறை, பரப்பு நூத்துல ஒரு பங்கு. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கறை இழுபட்டு வளைஞ்சு நெளிஞ்சு வேற இடத்துக்குப் போகுது, ஆனா பரப்பு மட்டும் மாறாது. ஆரம்ப நிலையும் அடுத்த 100 அடியும் சேத்தா 101 கறை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படாம இருக்கணும்னா 1.01 பரப்பு வேணும், இருக்குறதோ 1. அப்போ ஏதோ ரெண்டு கறை மோதித்தான் ஆகணும். மோதின ரெண்டையும் ஒரே அளவு பின்னாடி இழுத்துட்டு வந்தா, ஆரம்பக் கறையும் அதோட ஏதோ ஒரு பிந்தின வடிவமும் மோதுது, அதாவது கறையில இருந்து கிளம்பின சில புள்ளிகளாவது 100 அடிக்குள்ள அதே கறைக்குள்ள திரும்பி வந்தாச்சு. புறாக்கூண்டு தத்துவம்தான், வேற மந்திரம் ஒண்ணும் இல்ல. இதை ஸ்க்ரீன்ல அந்தக் கறை நெளியுறதைக் காமிச்சு சொன்ன விதம் அவ்வளவு அழகு, வீடியோவை நிறுத்தி வெச்சு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

இதுக்கு அடுத்த படிதான் வேகமா ஓட்டிட்டாங்க. "சில புள்ளிகளாவது"ங்கிறதுல இருந்து "கிட்டத்தட்ட எல்லா புள்ளியும்"ங்கிறதுக்கு நாலே நிமிஷத்துல தாவிட்டாங்க, நான் மூணு தடவை பாத்துதான் பிடிச்சேன், அதனால இங்க நிதானமா சொல்றேன். கறைக்குள்ள இருந்து கிளம்பி கறைக்கு எப்பவுமே திரும்பாத புள்ளிகளை மட்டும் தனியா ஒதுக்குங்க. இந்தக் கூட்டமும் நகரும், பரப்பு மாறாது. இந்தக் கூட்டத்தோட எந்த ரெண்டு நேரத்து வடிவமும் மோதாது, மோதினா பின்னாடி இழுத்து வந்து "இதோ ஒருத்தன் திரும்பிட்டான்"னு காமிச்சிடலாம், ஆனா நாம எடுத்தது திரும்பாதவங்களை மட்டும்தானே. மோதாத வடிவங்கள் முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருக்கு, இடமோ 1 மட்டும். அப்போ அந்தக் கூட்டத்தோட பரப்பு சுழியமா இருந்தாதான் இது சாத்தியம். திரும்பாதவங்க இருக்கலாம், ஆனா அவங்க மொத்தமா சேந்தாலும் பரப்புல கணக்கே வராது. இவ்வளவுதான் பாங்கரேங்கிற கணித மேதை பேர்ல வர்ற மீள்வருகை தேற்றம். இதுக்கு இன்னொரு பத்து நிமிஷம் குடுத்திருக்கலாம், மொத்த கோர்ஸுக்கும் இதானே அச்சாணி.

வரலாறு ஒரே ஒரு வீடியோ, ஆனா நல்லா இருந்துச்சு. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரோட 60வது பிறந்தநாளை ஒட்டி ஒரு கணிதப் பரிசு, அதை 1889ல ஆன்றி பாங்கரே ஜெயிக்கிறார், சூரியன் கோள் மாதிரி மூணு பொருள் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டா என்ன ஆகும்ங்கிற கேள்விக்கு எழுதின கட்டுரைக்கு. அச்சுக்குப் போற நேரத்துல ஃப்ராக்மென்னு ஒரு இளம் கணித ஆள் சில இடங்கள் புரியலைனு கேக்க, அதைத் தேடிப் போன பாங்கரே தன் கட்டுரையிலயே பெரிய தப்பு இருக்குறதைக் கண்டுபிடிக்கிறார். அச்சடிச்சதை எல்லாம் திரும்ப வாங்கி, திருத்தி எழுதி, 1890ல மறுபடி வந்துச்சு. பரிசுத் தொகை 2500 குரோனர், மறுபடி அச்சடிச்ச செலவு 3500க்கும் மேல, அதை அவரே குடுத்தார். அந்தத் தப்பைத் திருத்தப் போன இடத்துலதான் பின்னாடி கேயாஸ்னு பேர் வாங்கினதோட (ஆரம்பத்துல துளி மாறினாலும் போகப்போக எங்கயோ போயிடுற நடத்தை) முதல் தரிசனம் அவருக்குக் கிடைச்சது. மீள்வருகை தேற்றமும் அந்தக் கட்டுரையோட வந்ததுதான். மெஷர் பாஷையில அதை ஒழுங்கா கட்டிக் குடுத்தது கராத்தியோடோரி, 1919ல.

தேற்றத்துக்கு ரெண்டு நிபந்தனை இருக்கு, அதை விட்டுட்டா எல்லாம் போச்சு. இடம் முடிவுள்ளதா இருக்கணும், நகரும்போது பரப்பு சுருங்கக்கூடாது. நேர்கோட்டுல ஒவ்வொரு அடிக்கும் 1 கூட்டிக்கிட்டே போனா எவனும் திரும்ப மாட்டான், ஏன்னா இடத்துக்கு முடிவே இல்ல. உராய்வு இருக்குற ஊசல் ஆடி ஆடி நின்னுடும், மறுபடி பழைய உயரத்துக்கு வராது, ஏன்னா அங்க, ஊசலோட இடத்தையும் வேகத்தையும் வெச்சு வரைஞ்ச படத்துல, பரப்பு சுருங்கிக்கிட்டே போகுது. இந்த ரெண்டையும் சிமுலேஷன்ல நிபந்தனையை நாமளே ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாக்கலாம், உராய்வை சுழியத்துல இருந்து ஒரு துளி கூட்டினதும் திரும்பி வந்துக்கிட்டு இருந்த கோடு மெல்ல உள்நோக்கி சுருண்டு போறதை கண்ணால பாக்கலாம். இந்த பாகத்துக்கு முழு மார்க்.

எனக்கு ரொம்ப பிடிச்ச பாடம் ஆறாவது, "எப்ப வரும்". மார்க் காட்ஸ்னு ஒரு கணித அறிஞர் 1947ல நிரூபிச்சது: சிஸ்டம் எர்காடிக்கா இருந்தா, அதாவது இடத்தை தனித்தனி தீவா பிரிக்க முடியாதபடி எல்லா பக்கமும் சுத்திக்கிட்டு இருந்தா, ஒரு பகுதிக்குத் திரும்பி வர சராசரியா ஆகுற நேரம், அந்தப் பகுதியோட பங்கைத் தலைகீழாப் போட்டா வர்ற எண். பத்துல ஒரு பங்கு இடம்னா சராசரி 10 அடி. க்விஸ்ல ஒரு கணக்கு குடுத்திருந்தாங்க, அதை நான் பேப்பர்ல போட்டுப் பாத்தேன். சுத்தளவு 1 உள்ள ஒரு வட்டம், ஒவ்வொரு அடிக்கும் 0.618னு தொடங்குற தங்க விகித எண் அளவுக்கு நகரணும், வட்டத்துல 0.1 நீளத்துக்கு ஒரு வாசல். வாசல்ல இருந்து கிளம்பினவன் எத்தனை அடில வாசலுக்கு திரும்புவான்? 5, 8, 13, இந்த மூணைத் தவிர வேற எண்ணே வராது. 5 அடியில 0.0902 முன்னாடி போறான், 8 அடியில 0.0557 பின்னாடி வர்றான், 13 அடியில 0.0344 முன்னாடி. வாசலோட ஒரு ஓரத்துல இருந்து 0.0098 நீளத்துக்குள்ள நின்னா 5, அடுத்த ஓரத்துல 0.0443 நீளத்துக்கு நின்னா 8, நடுவுல உள்ள 0.0459க்கு 13. இதை அந்தந்த நீளத்தால பெருக்கிக் கூட்டி 0.1ஆல வகுத்தா 10 வந்து நிக்குது. மூணுமே ஃபிபனாச்சி எண், 5ம் 8ம் சேந்தா 13. எல்லாருக்கும் 10 அடி ஆகும்னு நான் நினைச்சிருந்தேன், பாத்தா ஒருத்தனுக்குக்கூட 10 ஆகல, சராசரி மட்டும் கரெக்டா 10. பேனாவைக் கீழ வெச்சுட்டு தங்கச்சியைக் கூப்பிட்டு காமிச்சேன், அவளுக்கு கணக்கு ஆகாது, ஆனாலும் அந்த 5, 8, 13ஐ பாத்துட்டு "இது எப்படி தானா வருது"ன்னு கேட்டா.

அதுக்கு அடுத்தது போல்ட்ஸ்மன் சண்டை. வாயு எப்பவும் பரவிக்கிட்டே போகும், தானா ஒரு மூலையில வந்து சேராதுன்னு இயற்பியல் ஆள் போல்ட்ஸ்மன் சொல்றார், 1896ல கணித ஆள் செர்மெலோ குறுக்க வந்து "பாங்கரே தேற்றப்படி அது மறுபடி மூலைக்கு வந்துதானே ஆகணும்"ன்னு கேக்குறார். ரெண்டு பேரும் சொன்னது சரிதான், வரும், ஆனா எவ்வளவு நாள் ஆகும்னு பாருங்க. இதுக்கு இயற்பியல் ஆளுங்களான எரன்ஃபெஸ்ட் தம்பதி 1907ல ஒரு விளையாட்டு மாதிரி குடுத்தாங்க: ரெண்டு பானை, கொஞ்சம் பந்து, ஒவ்வொரு அடிக்கும் ஏதோ ஒரு பந்தை குலுக்கல்ல தேர்ந்தெடுத்து அது இருக்குற பானையில இருந்து மத்த பானைக்கு மாத்தணும். எல்லா பந்தும் ஒரே பானையில இருந்து ஆரம்பிச்சா அதே நிலைக்குத் திரும்ப சராசரி எத்தனை அடின்னா, எத்தனை பந்தோ அத்தனை தடவை ரெண்டை பெருக்கணும். 10 பந்துக்கு 1024, சிமுலேஷன்ல சில நொடிகள்ல வந்துடுச்சு. 100 பந்துக்கு 31 இலக்க எண். நொடிக்கு ஒரு அடின்னு வெச்சா பிரபஞ்சத்தோட இதுவரைக்குமான வயசை விட ரெண்டரை லட்சம் கோடி மடங்குக்கும் மேல. வெறும் 100 பந்துக்கே இப்படி, ஒரு சின்ன டப்பாக்குள்ள இருக்குற காத்துக்கு யோசிச்சுப் பாருங்க. நான் 100னு போட்டு ஒரு ராத்திரி பூரா ஓட விட்டேன், காலையில எந்திரிச்சு பாத்தா பந்துங்க பாதி பாதியா, ஐம்பதை சுத்தியே ஆடிக்கிட்டு இருந்துச்சு. தேற்றத்துல பொய்யே இல்ல, அதை வெச்சு வாயுவோட நாளைய கதையைச் சொல்லப் போறதுதான் தப்பு, இதை இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் இதுக்கு முன்னாடி சொன்னதில்ல.

சரி, குறைக்கு வரேன். முதல் வீடியோவே மீள்வருகையை பீரியாடிக்கோட போட்டு குழப்புது. கடிகார ஊசலைக் காமிச்சு "இதான் ரிக்கரன்ஸ்"ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அது ஒரே நேர இடைவெளியில அச்சு அசலா அதே நிலைக்கு வர்றது. மீள்வருகைல கிளம்பின இடத்துக்கு எவ்வளவு பக்கம் வேணும்னு நாம கேக்குறோமோ அவ்வளவு பக்கம் வரும், அதே புள்ளிக்கு வரணும்னு கட்டாயம் கிடையாது, நேர இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல. மேல சொன்ன வட்டத்தையே எடுத்துக்குங்க, விகிதமுறா எண் அளவுக்கு நகர்றவன் கிளம்பின புள்ளியை இனி ஒருநாளும் மிதிக்க மாட்டான், ஆனா அதுக்குப் பக்கத்துல பக்கத்துல வந்துக்கிட்டே இருப்பான். இதைப் பத்தி மூணாவது க்விஸ்ல கேள்வி இருந்துச்சு, "அதே புள்ளிக்கு திரும்புமா"ன்னு, நான் "திரும்பாது"ன்னு போட்டேன், தப்புன்னு சிவப்புல காமிச்சது. சப்போர்ட்டுக்கு நிரூபணத்தோட எழுதினேன், முதல்ல வந்தது மெஷின் பதில், ரெண்டாவது மெயிலுக்கும் அதே. ரெண்டு வாரம் கழிச்சுதான் ஒரு மனுஷர் படிச்சுட்டு சரி பண்ணினார், மன்னிப்பும் கேட்டார். எனக்கு முன்னாடி அந்த க்விஸை எடுத்தவங்க, "நான்தான் தப்பு போல"ன்னு மனசுல தப்பா பதிய வெச்சுக்கிட்டு போயிருப்பாங்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். பிகினருக்குனு பேர் வெச்சா விடைத்தாளை ரெண்டு தடவை சரிபாக்க வேணாமா?

இன்னொரு குறை எட்டாவது பாட சிமுலேஷன். ஒரு எண்ணை எடு, ரெட்டிப்பாக்கு, 1ஐத் தொட்டாலோ தாண்டினாலோ முழு எண்ணைத் தூக்கிப் போட்டு தசமத்தை மட்டும் வெச்சுக்கோ, மறுபடி ரெட்டிப்பாக்கு. இதுக்கும் பாங்கரே தேற்றம் பொருந்தும், கிட்டத்தட்ட எல்லா எண்ணும் கிளம்பின இடத்துக்குப் பக்கத்துல வந்து வந்து போகும். ஆனா 0.1னு போட்டு ஓட்டினா கொஞ்ச நேரம் 0.2, 0.4, 0.8, 0.6னு அழகா சுத்திட்டு போகப்போக கொழகொழன்னு ஆகி 55வது அடியில சுழியம், அதுக்கப்புறம் எப்பவும் சுழியம்தான். பாக்குறவனுக்கு என்ன தோணும், தேற்றம் பொய்னுதான் தோணும். காரணம் கம்ப்யூட்டர் எண்ணை இரும வடிவத்துல முடிவுள்ள பிட்டுகள்லதான் வெச்சிருக்கு, ஒவ்வொரு ரெட்டிப்புக்கும் முன்னாடி ஒரு பிட் கழண்டு விழுது, எல்லா பிட்டும் தீந்ததும் சுழியம். உண்மையான 0.1ஓ 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2னு நாலு எண்ணுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கணும். இந்த ஒரு வரி விளக்கத்தை அந்த ஸ்க்ரீனுக்குக் கீழ போட்டிருந்தா போதும், போடல. நீங்க எடுத்தீங்கன்னா அந்த பாடத்துல ஸ்க்ரீனை நம்பாதீங்க, பேப்பரை நம்புங்க.

ஒன்பதாவது பாடம் 1950கள்ல அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல ஃபெர்மி, பாஸ்தா, உலாம் மூணு பேரும் மேரி சிங்கோவும் சேந்து மேனியாக் கம்ப்யூட்டர்ல பண்ணின பரிசோதனை, ஸ்ப்ரிங்கால கோத்த மணி வரிசையில ஒரே அலையில போட்ட சக்தி எல்லா அலைக்கும் பரவிடும்னு எதிர்பாத்தா, பரவாம கிட்டத்தட்ட முழுசா முதல் அலைக்கே திரும்பி வந்துச்சு. இது பாங்கரே சொல்ற காலத்தை விட எக்கச்சக்கமா சீக்கிரம், அதனால காரணம் வேறன்னு கவனமா பிரிச்சு சொன்னாங்க, அது பாராட்ட வேண்டிய விஷயம். மேரி சிங்கோதான் அந்த ப்ரோக்ராம் வேலையைப் பண்ணினாங்கன்னு பேரைச் சொல்லி சொன்னதும் எனக்கு சந்தோஷம், ரொம்ப காலம் அந்தப் பேரை யாரும் சேத்துச் சொன்னதில்ல. பத்தாவது பாடத்துல ஃபர்ஸ்டன்பெர்க்னு ஒரு கணித அறிஞர் 1977ல மீள்வருகையை வெச்சு எண்கள்ல கூட்டுத்தொடர் வரிசைகளை (3, 7, 11 மாதிரி சம இடைவெளில வர்ற எண்கள்) தேடினதைத் தொட்டுட்டு போறாங்க, பிகினருக்கு அது எட்டாது, தாண்டிட்டு போங்க.

யாருக்கு ஆகும்னா, பின்னமும் பரப்பும் தெரிஞ்சா போதும், கால்குலஸ் ஒரு இடத்துல கூட வரல. ஏற்கனவே மெஷர் தியரி படிச்சவங்களுக்கு ஆறாவது பாடமும் சிமுலேஷனும் மட்டும் புதுசா இருக்கும். முதல் வீடியோவை விட்டுட்டு நேரா ரெண்டாவதுல ஆரம்பிங்க, கைல ஒரு சீட்டுக்கட்டு வெச்சுக்குங்க, ஜோக்கரை எடுத்து வெச்சிடுங்க.

கடைசி பாடம் ஆர்னால்டுங்கிற கணித அறிஞர் பேர்ல வர்ற "ஆர்னால்டோட பூனை", நம்ம போட்டோவையே ஏத்திப் பாக்கலாம். படத்தை இழுத்து, வெட்டி, சதுரத்துக்குள்ள மறுபடி ஒட்டுற ஒரு விதி, ரெண்டு மூணு அடியிலயே முகம் தூள் தூளா ஆகிடும், அப்புறம் ஒரு அடியில திடீர்னு ஒரு புள்ளி பிசகாம முகம் திரும்ப வந்து நிக்கும். 124க்கு 124 புள்ளி படம்னா 15 அடி, 101க்கு 101ன்னா 25, 150க்கு 150ன்னா 300. முதல் தடவை பாக்குறவங்க 124லயே ஆரம்பிங்க. நான் 150ல தங்கச்சியோட சின்ன வயசு போட்டோ ஒண்ணை ஏத்தினேன், 300 அடியும் ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து எண்ணினோம், 299ல கூட ஸ்க்ரீன்ல இன்னும் முகமே தெரியல, அவ "வராதுண்ணே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அடுத்த அடியில ரெட்டை ஜடையோட அவளே வந்து நின்னா.